எல்லாவற்றுக்கும் ஆம்

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. நான் கணினி அறையின் மேஜைக்கு அடியில், என்னோடு வேலை செய்த இரண்டு பெண்களுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒவ்வொரு அடி விழும்போதும் அந்த முதுகு கண்ணாடியில் மோதியது. மோதிய இடத்தில் ரத்தம் அப்பிக்கொண்டே வந்தது. அவரை அடித்தவர்கள் போலீஸ்காரர்கள் அல்ல, கம்பெனி கூட்டி வந்த ஆட்களும் அல்ல. அவருடைய சங்கத்து ஆட்களே. கணினியை உடைக்க வந்த கூட்டத்தை, அந்தக் கணினியை உடைப்பேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த சங்கச் செயலாளர், கையில் ஒரு இரும்புக் கம்பியோடு தனியாளாக மறித்து நின்றார். முதல் அடியை அடித்தவரும் அவர்தான். எதிரே வந்தவனின் முன்பல் இரண்டு கழன்று விழுந்தன என்று பிறகு சொன்னார்கள். கடைசி அடியில் அவருடைய காறை எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் உள்ளே வரை கேட்டது.

ஓசூரில் அப்போது தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. எங்களுடையது பழுக்கக் காய்ச்சிய இரும்பை நீராவிச் சம்மட்டியில் அடித்து லாரி பாகங்கள் செய்யும் இடம். கெலமங்கலத்திலிருந்து காலை ஆறு மணி பஸ் பிடித்து வருவேன். கம்பெனி வாசலில் இறங்கும்போதே காலுக்கடியில் தரை அதிரும். சம்மட்டி ஓடுகிறது என்று பொருள். அதிரவில்லை என்றால் ஏதோ தகராறு. செயலாளர் அந்தச் சம்மட்டியை இயக்குகிறவர். தளிப் பக்கத்து ஆள். யோசித்துப் பேசினால் தமிழ் வரும், கோபம் வந்தால் கன்னடம் வரும், அதிகமும் கன்னடம்தான் வரும். ஒரு தொழிலாளியை ஊர் சொல்லி இழிவாகத் திட்டிய ஃபோர்மனை கேன்டீனில் முந்நூறு பேர் பார்க்க அறைந்தார். சாம்பார் வாளியோடு அந்த மனிதன் கவிழ்ந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. எனக்கு அவரைக் கண்டால் பயம். ஒளிப்பானேன், கொஞ்சம் வெறுப்பும் உண்டு.

எண்பதுகளின் கடைசியில் கம்பெனிக்கு யூனிக்ஸ் கணினி வந்தது. ஒரு பீரோ அளவு பெட்டி, எட்டுத் திரைகள். குளிர்சாதன அறை, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சை நறுக்கினோம். அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. செயலாளர் வாசல் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசிவிட்டு, இறங்கி வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “இந்தப் பொட்டிய ஒரு நாளு சம்மட்டியில வச்சு நசுக்கப் போறன் மேடம். அன்னிக்கி மட்டும் நீங்க லீவு போட்டுக்குங்க.” நானும் விடவில்லை. “முந்தின நாளே சொல்லிடுங்கணா, லீவு லெட்டர் எழுதணும்” என்றேன்.

அந்த ஊர் மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். யு.பி.எஸ். பத்து நிமிடம் தாங்கும். அதற்குள் கணினியை முறைப்படி நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் அணைந்தால் வட்டில் இருக்கும் கோப்புகள் குழம்பிவிடும். கோப்பின் பெயர் ஓரிடத்தில் இருக்கும், உள்ளடக்கம் வேறிடத்தில் இருக்கும், இரண்டுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோகும். அடுத்த முறை இயந்திரத்தை எழுப்பும்போது எஃப்.எஸ்.சி.கே. என்று ஒரு சோதனையை ஓட்டுவோம். அது வட்டு முழுவதையும் துழாவி, கோளாறு தென்படும் இடத்திலெல்லாம் நின்று கேள்வி கேட்கும். இந்தத் துண்டு யாருடையது என்று தெரியவில்லை, சேர்த்து வைக்கட்டுமா? இரண்டு கோப்புகள் ஒரே இடத்தைத் தம்முடையது என்கின்றன, அழிக்கட்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்று விசையைத் தட்ட வேண்டும். சேர்த்து வைத்தவை காணாமல் போனவற்றுக்கான தனிப் பெட்டிக்குள், பெயர் போய் வெறும் எண்ணோடு, கிடக்கும். அழித்தது அழிந்ததுதான்.

ஒரு நாள் செயலாளர் ஏதோ வருகைப் பதிவுச் சண்டைக்காக வந்தவர், திரையில் கேள்விகள் ஓடுவதைக் கதவோரம் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றியிருந்தார். அந்த மரியாதை எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“இன்னா கேக்குது மேடம் அது?”

“பேரு தொலைஞ்ச ஃபைலு ஒண்ணு கெடச்சிருக்குதுணா. வச்சுக்கட்டா, அழிச்சிரட்டான்னு கேக்குது.”

“பேரு தெரியலன்னா அழிச்சிருவீங்களா?”

“உள்ள என்ன இருக்குதுன்னு பாக்காம அழிக்க மாட்டன்” என்றேன். அன்றைக்கு அது உண்மை. முதல் வருடம் ஒவ்வொரு கேள்வியையும் படித்து, எழுதி வைத்து, பிறகே பதில் சொல்வேன். சந்தேகம் வந்தால் சோதனையை நிறுத்திவிட்டு, வட்டை அப்படியே டேப்பில் நகல் எடுத்துக்கொண்டு பிறகு தொடர்வேன். இதை ஒரு விதியாக எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான்தான். ஆனால் வாரத்துக்கு நான்கு முறை மின்சாரம் போனால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? பெங்களூரிலிருந்து வரும் சர்வீஸ் எஞ்சினியர் ஒரு குறுக்கு வழி காட்டினார். சோதனைக் கட்டளையோடு ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டால், எல்லாக் கேள்விக்கும் இயந்திரமே ஆம் என்று சொல்லிக்கொள்ளும். போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். நானும் போனேன். இரண்டாம் வருடத்தில் அந்த எழுத்தைச் சேர்க்காமல் நான் சோதனை ஓட்டியதே இல்லை.

இனி அந்த நாள். காலை எட்டரை மணிக்கு, தேன்கனிக்கோட்டை சாலையில், பர்சனல் மேனேஜரின் காரை நான்கு பேர் மறித்தார்கள். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். அவரை இழுத்துப் போட்டு, கம்பியால் இரண்டு முழங்கால்களையும் உடைத்து, தலையிலும் ஒன்று போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் ஒரே ஒரு பெயரைச் சொன்னார். முந்தின நாள் தன்னோடு வாக்குவாதம் செய்த ஒரு பையனின் பெயர், செயலாளரின் தம்பி. உண்மையிலேயே அவன்தான் என்று நினைத்தாரா, வேண்டுமென்றே சொன்னாரா, எனக்குத் தெரியாது. தலையில் அடி வாங்கியவரை நான் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் தம்பி அந்த நேரத்தில் கம்பெனிக்குள், உலை வாயில், இரும்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். முதல் ஷிப்டு ஏழு மணிக்குத் தொடங்கினால் மூன்று மணி வரை வாசல் பூட்டுதான். உள்ளே வரவும் வெளியே போகவும் அட்டையைத் தேய்க்க வேண்டும். தேய்த்த நொடியே என் கணினிக்கு நேரம் வந்து சேரும். வாசலில் இருந்த பெட்டி தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளாது. பதினொன்றரை மணிக்குச் செயலாளர் உலைச் சூட்டு வியர்வையோடு ஓடி வந்தார். “மேடம், எந்தம்பி கார்டு பாருங்க. போலீசு கேட்டாண்ட வந்துட்டான். கூட வேலை செஞ்சவன் சொன்னா நம்ப மாட்டன்றானுங்க, எல்லாம் உங்க சங்கத்தாளுன்றானுங்க. ஃபோர்மன் வாயே தொறக்க மாட்டன்றான்.”

தேடினேன். இருந்தது. “உள்ள வந்தது ஆறு அம்பத்தொண்ணு. வெளிய போகவே இல்ல” என்றேன். அந்த முரட்டு முகம் அப்படி இளகி நான் பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். அச்சுப்பொறியில் சரக்கு அனுப்பும் பட்டியல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பொறுங்கள், முடிந்ததும் எடுத்துத் தருகிறேன் என்றேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், டெஸ்பாட்ச்காரர் கத்துவார் என்று பார்த்தேன்.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் போலீஸ் உள்ளே நுழைந்துவிட்டது. தம்பியை உலையடியிலிருந்து தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தார்கள். முந்நூறு பேர் முன்னால், சிமென்ட் தரையில் போட்டு, லத்தி முறியும் வரை அடித்தார்கள். வேனில் ஏற்றும்போது அவனுக்கு நினைவு இல்லை. வேன் நகர்ந்ததும் கம்பெனி வெடித்தது. ஜன்னல்கள் நொறுங்கின. கேன்டீன் அண்டாக்கள் உருண்டன, கொதிக்கும் சோற்றுக் கஞ்சி பட்டு ஒரு சமையல்காரரின் கால் வெந்தது. செயலாளரின் தங்கை கணவர், அவருக்கு மச்சான், எலக்ட்ரிக்கல் பிரிவில் இருந்தவர். எல்லோரும் வெளியே வரட்டும், சம்மட்டி நிற்கட்டும் என்று கோடாலியால் மெயின் பேனலைப் பிளந்தார். தரை அதிர்வது நின்றது. விளக்குகள் அணைந்தன. யு.பி.எஸ். கத்தத் தொடங்கியது. கூட்டத்தில் ஒரு பகுதி கணினி அறைப் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் அவர் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். “பேட, பேட! வேணான்டா! உள்ள எந்தம்பி உசுரு இருக்குதுடா!” என்று கத்தினார். யார் காதில் விழும்? அவர் எனக்கு வாங்கிக் கொடுத்தது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் நான் கையை நீட்டி, இரண்டு வரி தட்டி, கணினியை ஒழுங்காக நிறுத்தியிருந்தால் போதும், அந்தக் கோப்பு பத்திரமாக இருந்திருக்கும். மேஜைக்கு அடியிலிருந்து விசைப்பலகைக்கு இரண்டு முழம். நான் காதைப் பொத்திக்கொண்டு அழுதேன். யு.பி.எஸ். கத்தல் மெலிந்து, நின்றது. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டிருந்த வட்டு இறங்கி ஓய்ந்தது. வெளியே அடிதடி இன்னும் ஓயவில்லை.

மறுநாள் கம்பெனியை மூடி அறிவிப்பு ஒட்டினார்கள். காலை பத்து மணிக்கு என்னைப் போலீஸ் ஜீப்பில் கூட்டிப்போனார்கள். வாசல் முழுக்க கண்ணாடித் துண்டுகள். கணினி அறை நிலைப்படியில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதைத் தாண்ட வேண்டியிருந்ததால் அன்று செருப்போடுதான் உள்ளே போனேன். டீசல் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்திருந்தார்கள். ஜெனரல் மேனேஜர் பின்னால் நின்று, “சீக்கிரம்மா, டீசல் ஒரு மணி நேரத்துக்குத்தான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். யாரும் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. யாரும் என் கையைப் பிடித்து அழுத்தவில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எத்தனையோ இரவுகள், அவர்கள் மிரட்டினார்கள் என்று எனக்கு நானே கதை கட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கதை நிற்கவில்லை.

சோதனைக் கட்டளையைத் தட்டினேன். விரல் பழக்கத்தில் அந்த எழுத்தையும் சேர்த்துத் தட்டியது. வரிகள் ஓடின. முதல் கட்டம், இரண்டாம் கட்டம். ஒரு வரியில் டைம் ஆபீஸின் பெயர் வந்தது. கடைசியாக எழுதப்பட்ட நேரம், முந்தின நாள் பதினொன்று ஐம்பத்தாறு. அன்றைய வருகைக் கோப்பு அதுதான். வேறொரு கோப்போடு இடம் மோதிக் கிடந்தது. கோப்பு சாகவில்லை. அதை அப்படியே டேப்பில் எடுத்து, பொறுமையாகப் பிரித்திருந்தால் முக்கால்வாசியாவது கிடைத்திருக்கும். ஆறு ஐம்பத்தொன்று கிடைத்திருக்கும். ‘அழிக்கட்டுமா?’ என்று திரை கேட்டது. அடுத்த நொடியே, நான் சேர்த்திருந்த எழுத்தின் பேரில், ‘ஆம்’ என்று தானே போட்டுக்கொண்டது. என் கை நிறுத்தும் விசைக்குப் போனது. போய்ச் சேர்வதற்குள் வரி மேலே ஏறி மறைந்துவிட்டது. கலவரத்துக்கு முந்தின நாள் நகல் டேப்பில் இருந்தது, அதற்கு முந்தின நாளும் இருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் உலகத்தில் எங்கேயும் இல்லை.

“ஆச்சாம்மா?” என்றார் ஜெனரல் மேனேஜர். ஆச்சு என்றேன்.

பத்து நாள் கழித்து, காலையில், கெலமங்கலம் பஸ் நிறுத்தத்தில் செயலாளர் நின்றிருந்தார். கை கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கியது. ஒரு கண் இன்னும் வீங்கி மூடியிருந்தது. கத்தவில்லை. கும்பிட்டார்.

“மேடம், அந்த ஆறு அம்பத்தொண்ணு?”

“இல்லைங்கணா.”

“நீங்க பாத்தீங்களே. உங்க வாயால சொன்னீங்களே.”

“இருந்துச்சு. பேனல ஒடச்சாங்க இல்ல, கரண்டு போனதுல அப்பவே போயிருச்சு.”

“அப்பவேவா? நிச்சயமா?”

“நிச்சயமா.”

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய்க்குத் தானாக வந்தது. அவர் என்னை அறைந்துவிடுவார் என்று பயந்தேன், வேறொன்றுமில்லை. “செரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு, எதிர்த் திசையில் தளிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார். தங்கை வீட்டுக்குப் போகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. அங்கே மச்சானை வெளியே இழுத்து, வலது கையை வாசற்படியில் அழுத்தி, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, நல்லாயிருந்த ஒரே கையால் அங்கே கிடந்த கைச் சம்மட்டியைத் தூக்கி மூன்று முறை போட்டிருக்கிறார். தங்கை குறுக்கே விழுந்திருக்கிறாள், அவளையும் உதறித் தள்ளியிருக்கிறார். “எந்தம்பிய கொன்னுட்டியேடா” என்று அழுதுகொண்டே அடித்தார் என்று கம்பெனி திறந்த பிறகு கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். தட்டைக் கழுவி வைத்தேன். வந்து மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

கோர்ட்டுக்குக் கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தது. தொழிலாளர் வன்முறையால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு அன்றைய பதிவு அழிந்துவிட்டது என்று அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து. தம்பிக்கு ஏழு வருடம். வெளியே வந்தபோது ஒரு காது கேட்கவில்லை, பெங்களூருக்குப் போய்விட்டான், ஊர்ப் பக்கம் தலை வைக்கவில்லை. செயலாளர் வேலை போய், தளியில் பீன்ஸும் ரோஜாவும் போட்டுப் பிழைத்தார். சந்தையில் எப்போதாவது பார்த்தால் கும்பிடுவார். “நீங்க உங்களால முடிஞ்சது பாத்தீங்க மேடம், எங்காளுங்கதான் கெடுத்துக்கினோம்” என்று ஒரு முறை சொல்லி, கட்டு ரோஜாவைக் கையில் திணித்தார். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பஸ் ஜன்னல் வழியாக எறிந்தேன்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. இப்போதெல்லாம் மின்சாரம் போனாலும் இயந்திரங்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. செய்யப் போவதை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு, எழும்போது தாமே சரிசெய்துகொள்கின்றன. இயந்திரம் கேள்வி கேட்கும் என்று சொன்னால் புது ஆட்கள் சிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். எங்கள் காலத்தில் கேட்டது. பதில் சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் நானாக இருந்தேன்.

போன தை மாதம் செயலாளர் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் துக்கம் கேட்கத் தளிக்குப் போனேன். குளிர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது மச்சான்தான். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே சூம்பி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கியிருந்தன. இடது கையால் காபி டம்ளரை நீட்டினார். என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டார்.

“இத பாக்கறீங்களா மேடம்? உடுங்க. நான் பண்ண வேலைக்கு அவுரு அடிச்சது கம்மிதான். எவனெவனோ கல்லு வுட்டான், நான் மட்டும் போயி கரண்ட ஒடச்சன். ஒரு புள்ளயோட வாழ்க்கையே போச்சு.” உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் தலையை ஆட்டினார். “அவ எங்கிட்ட பேசி இருவத்தேழு வருசமாச்சுங்க. சோறு போடுவா. காய்ச்சல்னா மாத்திர வைப்பா. பேச மாட்டா. அவளும் இன்னா பண்ணுவா, அவ தம்பியாச்சே.”

டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். கரண்டு போனதில் அந்த வருகைப் பதிவு போகவில்லை, மறுநாள் காலையில் நான்தான் அழித்தேன், தெரிந்தே உங்கள் மேல் பழியைப் போட்டேன் என்று இரண்டு மூன்று வாக்கியத்தில் கொட்டிவிட்டேன். அவர் எழுந்து என்னை அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தன் வலது கையை மடியில் தூக்கி வைத்து, அதைப் பார்த்தார்.

“போனாரே, அவுருக்குத் தெரியுமா இது?”

“தெரியாது.”

வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “இந்தா, கொஞ்சம் வெளிய வா. மேடம் ஒண்ணு சொல்றாங்க, நீயும் கேளு.” அந்த அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து நின்றார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை அவ்வளவு எளிதாக வரவில்லை. அந்த அம்மாள் அழவில்லை. மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கி அடி வாங்கறப்ப, நான் அழிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல நீ?”

“எனக்கு எப்பிடித் தெரியும், சொல்லு. நானும் நான்தான்னு நெனச்சிக்கினு இருந்தன்.”

இருபத்தேழு வருடம் கழித்து அவர்கள் பேசிக்கொண்டது அது. அந்த அம்மாள் கீழே உட்கார்ந்தார். என்னிடம் அவர் சொன்னது ஒன்றுதான்.

“நீங்க கெளம்புங்க மேடம்.”